கத்தரியோடு ஓடிய வாய்

என் கையில் மட்டையைக் கட்டும்போது என் வீட்டுக்காரர் வாய்மூடி இருந்ததே இல்லை. விபத்துக்குப் பிறகு கால்கள் மட்டுமல்ல, வலது கை விரல்களும் என் பேச்சைக் கேட்பதில்லை. டேபிள் டென்னிஸ் மட்டையை உள்ளங்கையில் வைத்து, பேண்டேஜ் துணியால் மணிக்கட்டோடு சுற்றிக் கட்டினால்தான் ஆட முடியும். அவர் முடிதிருத்துபவர், கைவேலை அவ்வளவு சுத்தம். சக்கர நாற்காலிப் பிரிவில் மூன்று வருடமாக நான்தான் சாம்பியன். கோப்பையில் பாதி அந்தக் கட்டுக்குத்தான் சேரும் என்று எனக்கு வேலை வைக்காமல் அவரே ஊரெல்லாம் சொல்லிவிடுவார்.

இறுதிப் போட்டியன்று காலை அவர் பேசவில்லை. துணியையும் வழக்கத்தைவிட இறுக்கிச் சுற்றினார்.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்றேன்.

மென்று முழுங்கிச் சொன்னார். நேற்று சாயங்காலம், போட்டிக்காக நாங்கள் தங்கியிருந்த விடுதியின் வராந்தாவில் ஒரு மனுஷரைப் பார்த்திருக்கிறார். தலைமுடி காதை மூடிக் காடாகக் கிடந்ததாம். இவருக்குக் கை சும்மா இருக்குமா? நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார். கத்தரி ஓடினால் வாயும் ஓடும், தொழில் அப்படி. என் புது சர்வைப் பற்றி அளந்திருக்கிறார். ஓரமாகவே மெதுவாகப் போட்டுக்கொண்டிருந்து, திடீரென்று நேராக நெஞ்சுக்கு ஒன்று. நாற்காலியில் இருப்பவர் சட்டென்று விலக முடியாது, மட்டையைத் திருப்புவதற்குள் பந்து போய்விடும். மாதக்கணக்கில் கதவைச் சாத்திக்கொண்டு பழகியது. போர்த்திய துண்டை உதறும்போதுதான், தன் மகளும் ஆடுகிறாள் என்று அந்த ஆள் சொன்னாராம். இன்று எனக்கு எதிரே ஆடப்போகிறவள்.

"வெட்டு நல்லாதான் வந்திருக்கு," என்றார்.

மட்டை என் கையோடு கட்டியிருந்ததால் கொஞ்சம் தள்ளியே நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உலகப் போட்டிக்கு ஒரே இடம், அது இன்று ஜெயிப்பவருக்கு.

அந்தப் பெண்ணுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். முதல் சர்விலிருந்தே மட்டையை நெஞ்சுக்கு முன்னால் நிறுத்திக் காத்திருந்தாள். இதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு முட்டியது. ஓரமாகவே போட்டேன், எட்டிப் பிடிக்க முடியாமல் திண்டாடினாள். இரண்டு ஆட்டங்கள் மளமளவென்று என் பக்கம் வந்தன. அப்புறம் சுதாரித்துக்கொண்டு அடுத்த இரண்டையும் பிடுங்கிக்கொண்டாள். கடைசி ஆட்டத்தில் பத்துக்கு ஒன்பது. நான்தான் முன்னால், இன்னும் ஒரு புள்ளி போதும், சர்வும் என்னுடையது. நெஞ்சுக்குப் போகும் அந்த சர்வை இதுவரை ஒருமுறைகூட நான் போடவில்லை.

அவளுடைய அப்பா பக்கவாட்டிலிருந்து தன் மார்பைத் தட்டித் தட்டிக் காட்டினார். வெட்டு நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது.

"விடுங்கப்பா, அது சும்மா கதை," என்றாள் அவள், எனக்கே கேட்கும்படி.

மூலையில் என் வீட்டுக்காரர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பந்தை இடது உள்ளங்கையில் வைத்தேன். எதிரே அவள் மட்டையை ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டு, உடம்பையும் அந்தப் பக்கமே சாய்த்தாள்.

பந்தை மேலே போட்டேன்.