வாட்ச்மேன் கட்சி

எங்கள் வீட்டில் சர்க்கரை திருட்டுப் போவதை முதலில் கண்டுபிடித்தவர் என் நைனா சிலுவைமுத்துதான். காசிமேட்டில் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் வாட்ச்மேன். குளிக்கிற மூலையில் எறும்பு சாரை சாரையாகப் போவதைப் பார்த்துவிட்டு, யாரோ ரேஷன் சர்க்கரையை ஒளிந்து தின்கிறார்கள் என்று முடிவு கட்டினார். வீட்டில் இருந்தது மூன்று பேர். அவர் தின்னவில்லை. அம்மாவைக் கேட்கத் தைரியமில்லை. ஆக, திருடி நான்.

எனக்கு அப்போது பதினேழு வயது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன், நொடிக்கொருதரம் அந்தக் குளிக்கிற மூலையில்தான் ஒன்றுக்குப் போனேன், எலும்பும் தோலுமாக இளைத்தேன். "யோவ், சக்கரையைத் தின்னவ ஊதுவாளா, இப்டி வத்திப் பூடுவாளா?" என்று அம்மா அடைக்கலமேரி போட்ட போட்டில்தான் என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது.

டாக்டர் ஐரீன் வெளிநாட்டுப் பத்திரிகையெல்லாம் படிக்கிறவர். பொறுமையாகச் சொன்னார். "கணையத்துல இன்சுலின் செய்யற செல்லுங்க இருக்கு. சர்க்கரை உடம்புல சேரணும்னா இன்சுலின் வேணும். உங்க பொண்ணு ஃப்ளோரன்ஸுக்கு அந்த செல்லுங்களே அழிஞ்சு போச்சு. கிருமி வந்தா அடிச்சு விரட்ட ரத்தத்துல வெள்ளை அணுக்கள் இருக்கு இல்லையா? அதுங்களே இந்த செல்லுங்களை எதிரின்னு நினைச்சுக் கொன்னுடுது. இப்பதான் கண்டுபிடிச்சுக்கிட்டு வர்றாங்க."

நைனா முழித்தார். டாக்டர் அவருடைய காக்கிச் சட்டையைப் பார்த்தார்.

"வாட்ச்மேனா? அப்ப சுலபமாப் புரியும். வாசல்ல நிக்கிற வாட்ச்மேனே, உள்ள வேலை செய்யற ஆளுங்களைத் திருடன்னு நினைச்சு அடிச்சுப் போட்டா என்ன ஆகும்? அதுதான் ஆகியிருக்கு."

அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். நைனாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"இன்னா டாக்டரம்மா இப்டி சொல்லிட்டீங்கோ? வேலை செஞ்சிகினு கீறவனை எந்த வாட்ச்மேனாவது சும்மா அடிப்பானா? அந்த செல்லு இன்னாத்தையோ திருடிக்கீது. சக்கரைலயே வேலை, கை சும்மா இருக்குமா?"

"அப்படியில்ல. ஏன் குழம்பிப் போகுதுன்னு யாருக்கும் தெரியாது. ஆனா செத்த செல்லு திரும்பி வராது. காலையும் சாயந்திரமும் இன்சுலின் ஊசி போட்டே ஆகணும். விட்டா உயிருக்கே ஆபத்து."

"பர்மனென்ட் ஆளு பூட்டான், இனிமே தெனம் பதிலி ஆளு," என்றார் நைனா. அது மட்டும் சட்டென்று புரிந்துவிட்டது.

அன்றிலிருந்து தெருவில் யார் என்னை விசாரித்தாலும் அதே பாட்டுதான். வாட்ச்மேன் மேல் தப்பில்லை, செல்லுதான் களவாணி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் உடம்பில் ஒழுங்காக உழைத்துச் செத்தவர்களுக்காகப் பரிந்து பேச ஒரு நாதி இல்லை, கொன்றவர்களுக்கு என் அப்பனே வக்கீல்.

கத்திரி வெயில் வந்தது. இன்சுலின் குளிர்ச்சியில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. எங்கள் தெருவில் ஃப்ரிஜ் என்பதையே யாரும் பார்த்ததில்லை. ஈர மணலில் வைத்த பானைதான். அந்த வெயிலில் மணலே கொதித்தது.

"ஊருக்கே ஐஸு போடற எடத்துல வேலை. மொதலாளிய ஒரு வார்த்த கேளுய்யா," என்றாள் அம்மா.

"கம்பெனி ஐஸு கம்பெனிக்கு. இன்னிக்கி நான் மருந்து வெச்சா நாளிக்கி அவன் மீனு வெப்பான்."

அவர் கெடுபிடி அப்படி. வேலை முடிந்து போகிறவர்கள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி லுங்கிக்குள் கட்டிக்கொள்வார்கள். வாசலுக்கு வருவதற்குள் கால் வழியாகத் தண்ணீர் சொட்டும். நைனா முகத்தைப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார்.

அம்மா அவரோடு மல்லுக்கட்டவில்லை. பக்கத்து வீட்டு ரஷீது அண்ணன் அதே ஃபேக்டரியில் ஐஸ் உடைக்கிறவர். காலை ஊசி ஆனதும் பாட்டில் அவருடைய டிபன் டப்பாவில் போகும், ஐஸ் ரூம் ஓரத்தில் மரத்தூளுக்குள் கிடக்கும், சாயந்திர ஊசிக்குத் திரும்பி வரும். நைனாவிடம் மூச்சு விடக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். நைனாவுக்கு ராத்திரி ஷிஃப்ட் இருந்தவரை வண்டி நன்றாகத்தான் ஓடியது.

திடீரென்று ஒருநாள் அவரைப் பகலுக்கு மாற்றினார்கள். டிபன் டப்பாவைத் திறந்து பார்ப்பார் என்று பயந்து, ரஷீது அண்ணன் பாட்டிலைத் துணியில் சுற்றி, மேலே ஐஸ் வைத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பாவம், வாசல் வருவதற்குள் சொட்டிவிட்டது.

"டேய் ரஷீது! இடுப்புல இன்னாடா?"

"ஒண்ணுமில்ல மாமு, வுடு. அவசரம்."

சத்தியம் செய்த மனுஷன் ஓடப் பார்த்தார். நைனா விசிலை ஊதிக்கொண்டே தடியை வீசினார். இத்தனை வருஷ சர்வீஸ், குறி தப்புமா? இடுப்பிலேயே விழுந்தது.

ரஷீது அண்ணன் தரையில் உட்கார்ந்து லுங்கியை உதறினார். ஐஸோடு கண்ணாடிச் சில்லும் விழுந்தது.

"அடிச்சிட்டியே மாமு. உம்பொண்ணு மருந்தை அடிச்சிட்டியே."

சில்லில் ஒட்டியிருந்த லேபிளை நைனா எடுத்துப் பார்த்தார். அவரே கடையில் கேட்டு வாங்கி வந்த பாட்டில். விசில் இன்னும் வாயிலேயே இருந்ததாம். மூச்சு விடும்போதெல்லாம் அது கீச்சு கீச்சென்று அழுததாம்.

பிறகு அடிபட்டவர் சைக்கிளை மிதித்தார், அடித்தவர் கேரியரில் உட்கார்ந்தார். ராயபுரத்துக் கடைகளில் இன்சுலின் இல்லை. யானைக்கவுனி வரை போய்த்தான் கிடைத்தது. ஃபேக்டரி கேட்டோ ஆளில்லாமல் திறந்து கிடந்தது. அன்றைக்கு எங்கள் தெருவில் ஐஸ் தண்ணீர் குடிக்காத வீடே இல்லை.

எனக்கு வாந்தியும் கிறுகிறுப்புமாக இருந்தது. இருட்டுகிற நேரத்தில் நைனா உள்ளே வந்தார். தலையில் தொப்பி இல்லை. அது கையில் இருந்தது, நிறைய கம்பெனி ஐஸ், நடுவில் பாட்டில். வாசலிலிருந்து என் பாய் வரை சொட்டிக்கொண்டே வந்தார். அம்மா ஊசி போட்டு முடிக்கும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த முதுகைப் பார்த்ததும் போய்விட்டது.

மறுநாள் அவரே முதலாளியிடம் போய்ச் சொன்னார். ஐஸ் ரூம் மூலையில் பாட்டிலுக்கு இடம் கிடைத்தது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நைனா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"டாக்டரம்மா, அந்த செல்லு ஒண்ணும் திருடல."

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே," என்று டாக்டர் சிரித்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அடிச்சிதே அந்த வாட்ச்மேனுங்கோ, தப்பா அடிச்சிட்டோம்னு அதுங்களுக்கு எப்பனாச்சும் தெரியுமா?"

"தெரியாதுங்க. அதுக்கெல்லாம் தெரியவே தெரியாது."

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"குடுத்து வெச்சதுங்கோ," என்றார்.