தேய்மானப் பக்கம்

ஹோட்டல்களுக்கு விலை மதிப்பிடும் படிப்பில் சேர்ந்திருக்கிறேன் என்று சொன்னபோது, என் அக்காவின் கணவர், "சாப்பிட்டுப் பாத்து மார்க் போடுவியா?" என்று கேட்டார். இத்தனைக்கும் அவரே இருபத்திரண்டு அறை ஹோட்டல் வைத்திருப்பவர். மாமா தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரித்துவிடுவார். அடுத்தவர்கள் மேல் அந்த விஷயத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

அந்த ஹோட்டலை விற்றுவிடுவதாகத்தான் பேச்சு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மூன்று மாடிக் கட்டடம், லிஃப்ட் இல்லை. தரையிலிருந்து மொட்டைமாடிக்கு அறுபத்தெட்டு படிகள். பதினெட்டு வருஷமாக அக்கா அதில் ஏறி இறங்குகிறாள். போன மழைக்காலத்தில் டாக்டர் அவள் முட்டியைப் படம் எடுத்துப் பார்த்து, தேய்மானம் என்றார். இனிமேல் படியே ஏறக் கூடாதாம். ஹோட்டலை விற்றால்தான் அது நடக்கும். வாங்க ஒருவரும் வந்துவிட்டார். அக்கா தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு பார்த்து, அதன் வாசலில் ஒரு படிகூட இல்லை என்பதை இரண்டு தடவை போய் உறுதிப்படுத்திக்கொண்டு வந்தாள்.

"உன் படிப்பு எதுக்கு இருக்கு? வந்து ஒரு விலை போட்டுக் குடு. வாங்கறவன்கிட்ட தைரியமாச் சொல்லலாம்" என்றார் மாமா. எனக்கும் தேர்வுக்காக நிஜமான ஹோட்டல் ஒன்றைப் பற்றிப் பயிற்சி அறிக்கை எழுத வேண்டியிருந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அளவு நாடாவைத் தூக்கிக்கொண்டு போனேன்.

நான் எதையும் லேசில் நம்பாத பிறவி. இந்தத் தொழிலுக்கு அது நல்ல குணமாம். பதிவேட்டில் ஆள் வந்ததாக எப்படி வேண்டுமானாலும் எழுதலாம், படுக்கை விரிப்பு பொய் சொல்லாது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டேன்.

"நேத்து எத்தனை ரூம் விரிப்பு துவைச்சே?"

"பதினாலு. முந்தாநாள் பதினொண்ணு. சனிக்கிழமை இருவத்திரெண்டும்." க்ளிப்பைப் பல்லில் கவ்விக்கொண்டே சொன்னாள்.

கீழே வந்து பதிவேட்டைப் பார்த்தேன். பதினான்கு, பதினொன்று, இருபத்திரண்டு. மாமா நேர்மையானவர்தான். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"நல்லா எழுதும்மா. நாங்க ஓடாத் தேஞ்சு வளத்த ஹோட்டல்" என்றார். 'நாங்க'வாம்.

இரண்டு நாள் அறை அறையாகப் பார்த்தேன். மெத்தைகளின் நடுவே விழுந்த பள்ளம், கொதிகலனின் துரு, தண்ணீர் மோட்டாரின் முனகல், மூன்றாம் மாடிச் சுவரின் ஓதம். எல்லாவற்றுக்கும் தேய்மானம் போட்டேன். எது இன்னும் எத்தனை வருஷம் தாங்கும், எப்போது மாற்ற வேண்டும் என்று எழுதியதில் ஒரு முழுப் பக்கம் வந்தது.

ஹோட்டலின் விலை, செங்கல்லில் பாதிகூட இல்லை. அது சம்பாதிப்பதில்தான் இருக்கிறது. செலவு போக நிற்கும் லாபத்தை வைத்துத்தான் மதிப்பு. அங்கே ஒரு விதி உண்டு. வீட்டு ஆள் யாராவது சம்பளம் வாங்காமல் வேலை செய்தால், அதே வேலைக்கு வெளியாள் வைத்தால் என்ன கொடுப்போமோ அதைச் செலவில் சேர்க்க வேண்டும். வாங்குகிறவருக்கு அக்கா கிடைக்க மாட்டாளே.

அந்த விதியைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. முதல் தடவையாக ஒரு புத்தகம் என் அக்காவைப் பற்றிப் பேசுகிறது என்று நினைத்தேன். ஒரு நாள் முழுக்க அவள் பின்னாலேயே நடந்தேன். அறைகளைச் சுத்தம் செய்ய ஓர் ஆள், துணிக்கு ஓர் ஆள், காலைச் சாப்பாட்டுக்கு ஓர் ஆள், மாமா தூங்கும்போது வரவேற்பு மேசைக்கு ஓர் ஆள். நான்கு பேரின் சம்பளத்தையும் ஆத்திரம் தீர எழுதினேன். மாமா படித்து வெட்கப்படட்டும் என்றுதான் எழுதினேன்.

லாபம் துடைத்துப் போட்டாற்போல் ஆகிவிட்டது. மிஞ்சியது மனையின் விலை. அதுவே அந்தச் சின்ன வீட்டுக்கும் மிச்சக் காலத்துக்கும் தாராளமாகப் போதும்.

மாமா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். பக்கத்தில் அக்கா ஈரத் துணி வாளியோடு நின்றாள்.

"அப்ப, வேற யார் நடத்தினாலும் நஷ்டம்?"

"ஆமா மாமா."

"உங்க அக்கா இருந்தா லாபம்?"

"கணக்குப்படி..." என்று இழுத்தேன்.

"கணக்குப்படிதானே கேக்கறேன்." அவர் முகம் மலர்ந்துவிட்டது. அக்காவைப் பார்த்தார். "பாத்தியா! நீ நாலு ஆளுக்குச் சமம்னு உன் தங்கச்சியே எழுதிக் குடுத்துட்டா. இப்படி ஒரு பொண்டாட்டிய வச்சுக்கிட்டு எவனாவது மனை விலைக்கு விப்பானா? இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டுவோம்."

கேலி இல்லை. மனசாரப் பாராட்டினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சொந்தக் காசில் தனக்கே சூனியம் வைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் ஃபீஸ் கட்டிப் படித்து அக்காவுக்கு வைத்துவிட்டேன்.

"மாமா, டாக்டர் படி ஏறக் கூடாதுன்னாரே?"

"அதுக்கென்ன, பாதி பாதி வாளியாத் தூக்கிட்டுப் போகட்டும்" என்றபடி ஃபோனை எடுத்தார். வாங்க வந்தவரிடம் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம்தான் ஆயிற்று.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அறிக்கையைப் புரட்டினாள். தேய்மானப் பக்கம் வந்ததும் நிறுத்தினாள். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டே இறங்கினாள். மெத்தை, மோட்டார், கொதிகலன், வாளி. வாளியைக்கூட எழுதியிருந்தேன்.

"எல்லாம் போட்டிருக்கே. என் முட்டி எங்கடி?"

கோபமில்லை. எந்த வரியில் இருக்கிறது என்று அவள் நிஜமாகவே தேடினாள். பிறகு காகிதங்களை ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு வாளியைத் தூக்கினாள். நான் பிடுங்கப் பார்த்தேன், விடவில்லை. கீழே நின்று அவள் காலடிச் சத்தத்தை எண்ணினேன். பதினாறாவது படியில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஏறியது.

வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். தேய்மானத்தில் எதுவும் விடுபடவில்லை என்று ஓரத்தில் பாராட்டி எழுதியிருந்தார்கள்.