சின்னதுரையின் காது

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். தாலுகா ஆபீஸில் பதினொரு வருஷமாக டைப் அடிக்கிறேன். ஹெட் கிளார்க்கிலிருந்து பியூன் அப்பாவு வரைக்கும் அது தெரியும். அதனால் சின்னதுரை விஷயத்தில் கோபத்தில் ஏதோ செய்துவிட்டேன் என்று சொன்னால் ஊரே நம்பிவிடும். பொய் அது. பயந்துபோய்ச் செய்தேன்.

என் பெயர் ஹேமாம்புஜம். திருவள்ளூரில் பெருமாள் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற தெருவில் வாடகை வீடு, நான் ஒருத்திதான். கணவர் பராசரனுக்குப் பம்பாயில் கம்பெனி உத்தியோகம், லீவு கிடைப்பதில்லை. இது தெருவுக்கு நான் சொல்லி வைத்திருந்தது. நிஜம் வேறு. ஆறு வருஷத்துக்கு முன்னால் அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டார். ஒரு பெண் குழந்தைகூட இருக்கிறது. "என்னை எதிர்பார்க்க வேண்டாம்" என்று ஒரு கார்டு போட்டார். கார்டு! ஒரு கவர் வாங்கி ஒட்டி அனுப்பக்கூட அந்த மகானுபாவருக்கு மனசு வரவில்லை. போஸ்ட்மேன் படித்திருப்பானோ என்று ஒரு மாசம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படித்ததாகத் தெரியவில்லை.

தீபாவளிக்குத் தீபாவளி கடைத்தெருவில் நாலு பேர் பார்க்க ஒரு ஜரிகை வேட்டி வாங்குவேன், பம்பாய்க்குப் பார்சல் அனுப்ப வேண்டும் என்று சொல்லி. ஆறு வேட்டியும் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. வேறு என்ன செய்ய? வாழாவெட்டி என்ற பெயரை வாங்கிக்கொண்டு அந்தத் தெருவில் ஒரு நாள் குடியிருக்க முடியாது. இரக்கப்படுகிற சாக்கில் உயிரை எடுத்துவிடுவார்கள். தெருவில் இருந்த மரியாதை ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

எழுபத்தொன்றாம் வருஷ மழையில் எங்கள் பின்கட்டுச் சுவர் இடுப்பு உயரத்துக்கு இடிந்து விழுந்தது. வீட்டுக்காரர் மாம்பலத்தில் இருக்கிறார், கட்டித் தருகிறேன் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையாக ஆறு குடித்தனம். விடிவதற்குள் ரயிலேறித் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்கள். கடைசிப் போர்ஷனில் சின்னதுரையும் அவர் மனைவி சாராளும். பிள்ளை குட்டி கிடையாது. சின்னதுரை வேலை செய்த இடத்தில் ஏதோ காற்று டாங்கி வெடித்து இரண்டு காதும் போய்விட்டது. இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து மாதாமாதம் பணம் வந்தது. அதற்கப்புறம் அவர் துவைக்கிற கல்லில் என் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பிளாஸ்டிக் ஒயரில் கூடை பின்னிக்கொண்டிருப்பார்.

அவரோடு பேச்சு ஆரம்பித்ததே ஒரு சண்டையில்தான். அவர்கள் அடுப்பு, சுவரை ஒட்டிய ஓலைச் சாய்ப்பில். சாயங்காலம் ஆறு மணி ஆனால் புகை முழுக்க என் கிணற்றடிக்கு வரும். ஒரு நாள் கண்ணெரிச்சல் தாங்காமல் சுவரருகே போய்க் கத்தினேன். அவர் திரும்பவில்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, காது கேட்காதே என்று. ஆனால் வாய் நிற்கவில்லை. புகையைத் திட்டினேன், ஹெட் கிளார்க்கைத் திட்டினேன், அப்படியே பராசரனுக்கு வந்துவிட்டேன். வந்து, அழுதேன். அந்த முதுகு அசையவே இல்லை. ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஆபீஸ் விட்டு வந்து, முகம் கழுவி, காப்பி குடித்து, ஆறு மணிக்குச் சுவரண்டை போவேன். வேட்டிக் கதையைச் சொன்னேன். பராசரன் சிவப்பாக, உயரமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு கல்யாணத்தன்று எப்படி இருந்தார் என்று சொன்னேன். அந்தக் குழந்தையின் பெயர் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது, இது என்ன வெட்கங்கெட்ட ஆசை என்றுகூடச் சொன்னேன். புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்வேன். உலகத்தில் எனக்கு வாய்த்த ஒரே துணை ஒரு செவிடரின் முதுகு.

சாராளோடு இரண்டு வருஷத்தில் பேசியது இரண்டு வாக்கியம் இருக்கும். இரண்டுமே புகையைப் பற்றி.

போன சித்திரையில் கிணறு அடியோடு வற்றி, இரண்டு தெருவும் முக்குக் குழாய்க்கு வந்தாயிற்று. கோயிலில் உற்சவம் நடந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு அம்புஜவல்லி மாமி குடத்தை வைத்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி ஹேமா, உற்சவத்துக்குக்கூட உங்காத்துக்காரர் வரலையே? ஆறு வருஷமாச்சு. நான் கேக்கறேனேன்னு நெனச்சுக்காதே, அங்க எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

குழாயடியே காதைத் தீட்டிக்கொண்டது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"வந்தாரேம்மா அவுரு! போன செவ்வாக்கெழம ராத்திரி வண்டில வந்தாரு, விடிகாலமே பூட்டாரு. நான்தான் பாத்தனே. செவப்பா, ஒசரமா, கண்ணாடி போட்டுக்கினு. கைல வேட்டிப் பொட்டலம் எடுத்துக்கினு போனாரு."

சாராள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பச்சைப் பொய் சொன்னாள், முகத்தில் ஒரு சுளிப்பில்லாமல்.

"வந்துட்டுப் போனாரா? சொல்லவே இல்லையேடி!" என்றாள் மாமி. விஷயம் அதோடு முடிந்தது. வேறு எவளாக இருந்தாலும் சாராளின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பாள். நான் பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.

சிவப்பு, உயரம், கண்ணாடி, வேட்டி. அத்தனையும் நான் சுவரண்டை சொன்னது. அப்படியானால் அவன் கேட்டிருக்கிறான். அந்த நிமிஷத்திலிருந்து அவர் எனக்கு 'அவன்' ஆகிவிட்டார். கேட்டு, பெண்டாட்டியிடம் ஒன்று விடாமல் ஒப்பித்திருக்கிறான். இன்றைக்குக் காப்பாற்றினாள், நாளைக்கு ஒரு மனஸ்தாபம் வந்தால் இதே குழாயடியில் என் மானத்தைக் கொட்டிக் கவிழ்ப்பாள். அடப் பாவி! இரண்டு காதும் நன்றாக இருக்க, செவிடென்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு, ஒரு பொம்மனாட்டி அழுவதைத் தினம் சாயங்காலம் உட்கார்ந்து ரசித்திருக்கிறான்!

அன்று சாயங்காலம் சுவரண்டை போய்ச் சொம்பைக் கிணற்றடிக் கல்லில் ணங்கென்று போட்டேன். அவன் திரும்பவில்லை. என்ன நடிப்பு என்று நினைத்தேன். மறுநாள் புறப்பாட்டுக்கு வேட்டு வெடித்தது. சட்டென்று தலையைத் தூக்கிக் கோயில் பக்கம் பார்த்தான். போதாதா எனக்கு? அந்த வேட்டுக்கு என் வீட்டு ஜன்னல்கூட அதிர்ந்தது, உட்கார்ந்திருந்த கல்லும் அதிர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்ற வேண்டாம் என்று இருந்தேனோ என்னவோ.

சாப்பாட்டு இடைவேளையில் ஆபீஸ் மிஷினிலேயே அடித்தேன், மொட்டைக் கடுதாசி. இன்னார், இன்ன விலாசம், காது நன்றாகக் கேட்கிறது, சர்க்கார் பணம் வீணாகிறது, பின் வீட்டில் இருக்கும் அம்மாள் கௌரவமானவர், அவரை விசாரித்தால் உண்மை தெரியும். என்னை நானே சாட்சிக்குப் போட்டுக்கொண்ட சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டே தபாலில் சேர்த்தேன். செவிடு என்பது பொய்யென்று ஆகிவிட்டால் பணம் நின்றுவிடும், கேஸ்கூடப் போடுவார்கள், குடித்தனத்தைக் காலி செய்துகொண்டு எங்கேயாவது போய்விடுவார்கள். அப்புறம் என் ரகசியத்துக்கு ஆபத்தில்லை. இதுதான் என் கணக்கு.

மூன்றாவது வாரம், சாயங்காலம் ஒருத்தர் வந்து கதவைத் தட்டினார். துளசிராமன், இன்சூரன்ஸ் ஆபீஸ் இன்ஸ்பெக்டர். கையில் தோல் பை, சட்டையெல்லாம் ரயில் கரி.

"இந்த மாதிரிக் கடுதாசி பத்து வந்தா எட்டு பொய்யாத்தான் இருக்கும்மா," என்றார். "ஆனா வந்துட்டா நான் பாத்தாகணும்."

பின்கட்டுக்கு அழைத்துப் போனேன். சின்னதுரை வழக்கம்போல் கல்லில். சாய்ப்பிலிருந்து புகை கிளம்பிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் சுவரோரம் நின்று கை தட்டினார். பையால் சுவரில் ஓங்கி அடித்தார். ஒயர் பின்னுகிற கை நிற்கவில்லை.

"சத்தத்துக்கு அசையாம இருக்கப் பழகியிருப்பாங்க," என்று என் காதருகே சொன்னார். "தெரிஞ்ச குரலா இருந்தா மாட்டிப்பாங்க. பயப்படற மாதிரி ஏதாவது கத்துங்க."

மூச்சை இழுத்து, இருக்கிற கோபத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"சின்னதுரை! காலண்டை பாம்பு! பாம்பு!"

சின்னதுரை பச்சை ஒயரை ஒரு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டார்.

சாய்ப்பிலிருந்து சாராள் பாய்ந்து வந்தாள். கையில் எரிகிற கொள்ளிக்கட்டை. ஒரு கையால் புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் கல்லிலிருந்து புரண்டு விழுந்தார், கூடை உருண்டது. கல்லைச் சுற்றிக் கொள்ளியால் அடித்துக்கொண்டே, "எங்கம்மா? எங்க? எந்தப் பக்கம் போச்சு?" என்றாள். தரையில் கிடந்தபடி சின்னதுரை அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "இன்னாடி? இன்னாச்சு?" என்று தன் குரல் தனக்கே தெரியாத உரத்த குரலில் கேட்டார்.

இன்ஸ்பெக்டர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். "பாம்பும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. ஒரு கடுதாசி வந்தது, அதுக்காக ஒரு சின்ன செக்கிங். பணம் நிக்காது, பயப்படாதீங்க," என்று சுவருக்கு மேலாகச் சாராளிடம் சொன்னார். என்னிடம், "ஒத்தாசைக்கு ரொம்ப நன்றிம்மா," என்று கும்பிட்டுவிட்டு வாசல் வழியாகப் போய்விட்டார்.

சாராள் கொள்ளியை மண்ணில் குத்தி அணைத்தாள். புருஷனைத் தூக்கி உட்கார வைத்து, கூடையை எடுத்துக் கையில் கொடுத்தாள். அவர் முழங்கையில் சிராய்த்திருந்த இடத்தை முந்தானையால் துடைத்தாள். அப்புறம் சுவரண்டை வந்தாள். இரண்டு வருஷத்தில் அவள் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தான்.

"கடுதாசி நீங்க போட்டீங்களாம்மா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய் எனக்கென்ன புதிதா?

"ஆமாம்," என்றேன்.

"ஏம்மா?"

"அவருக்குக் காது கேக்கறதுன்னு நெனச்சேன். குழாயடியிலே நீ சொன்னியே, அதெல்லாம் நான் இவர்கிட்டதானே சொன்னேன்…"

சாராள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு சௌகரியமாக இருந்திருக்கும்.

"அவுருக்கு இன்னாம்மா கேக்கும்? நான்தான் அடுப்பாண்ட குந்திக்கினு கேட்டுக்கினு இருந்தேன், ரெண்டு வர்சமா. என்னாண்ட நேரா பேச ஒங்களுக்குக் கூச்சம், அவுரைச் சாக்கு வெச்சிக்கினு எனக்குத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன். பொம்பளைங்க அப்டிப் பேசறதுதானே? ஆறு மணி ஆச்சின்னா ஒலையைக் கீழ எறக்கி வெச்சிருவேன், கொதிக்கிற சத்தத்துல ஒங்க பேச்சு கேக்காம பூடுமேன்னு. எனக்கு மட்டும் யாரு இருக்காங்கம்மா? ஊட்ல இருக்கறது ஒருத்தரு. நான் பேசினா அவுருக்குக் கேக்காது. நீங்க பேசறது ஒண்ணுதான் எனக்குப் பேச்சு."

"சாராள்…" என்றேன்.

"அடுப்பு எரியுதும்மா," என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

ஆனி மாசம் குழாயடியில் அம்புஜவல்லி மாமி மறுபடி ஆரம்பித்தாள். "ஏண்டி, அடுத்தாப்லே எப்போ வராராம்?" சாராள் அங்கேயே இருந்தாள். இப்போது சொல்லிவிடுவாள், சொல்லட்டும், அவளுக்கு நியாயம் இருக்கிறது என்று நின்றேன்.

"தீவாளிக்கு வராராம்," என்றாள் சாராள், என்னைப் பார்க்காமல். "அன்னிக்கு வந்தப்பவே சொன்னாரு." குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். தெரு முனையில் அவளை மடக்கினேன். நின்றாள், ஆபீசர் முன்னால் நிற்பதுபோல் நின்று, "சொல்லுங்கம்மா," என்றாள். எத்தனை சொல்லியிருக்கிறேன், இரண்டு வருஷமாக, இவளுக்கு! அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை வரவில்லை.

"ஒண்ணுமில்லை," என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, இத்தனை நாள் கழித்து, சுவரண்டை போனேன். கண் எரியவில்லை. சாய்ப்பில் அடுப்பின் மூன்று கல்லும் இல்லை, கரி பிடித்த தரை மட்டும் இருந்தது. அவர்கள் வாசல் பக்கம், கூரைக்கு மேலே, புகை தெரிந்தது. சின்னதுரை முதுகைக் காட்டி உட்கார்ந்து கூடைக்குப் பிடி பின்னிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு ஆபீஸிலே…" என்று ஆரம்பித்தேன். இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக நான் ஒரு செவிடரிடம் பேசினேன்.