கவுண்டர் திறந்திருக்கிறது

"கண்ணாடி இருக்கட்டும்பா. அது இல்லாம அம்மாவை யாருக்கு அடையாளம் தெரியும்?" என்றாள் மகள். கூடத்தில் மாலையோடு கிடத்தியிருந்த மனைவியின் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் அவர் தோற்காத வாதம் ஒன்றே ஒன்றுதான்.

இருவருக்கும் ஒரே வங்கி. அவர் தலைமைக் கணக்கர், அவள் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். வருடத்தில் ஒரு நாள் கம்ப்யூட்டரையெல்லாம் அணைத்துவிட்டு, "இப்ப வேலை பாருங்க" என்பாள். முந்தின நாள் அச்சடித்த, ஒவ்வொருவர் கணக்கிலும் இருக்கும் பணத்தைக் காட்டும் இருப்புத் தாளை வைத்துக்கொண்டு, ஆளை அடையாளம் கண்டு, யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று நின்ற இடத்திலேயே முடிவெடுக்க வேண்டும்.

அதற்கான பணத்தை அவர் வெட்டினார். ஓய்வு பெறும்வரை வெட்டிக்கொண்டே இருந்தார்.

"கட்டடம் சொத்து, இது வெட்டிச் செலவு. உன் பசங்க தலைக்குள்ள இருக்கறதை நான் எந்தக் கணக்குல எழுதறது?"

"ஒரு நாள் உங்க வாயாலயே முதலீடுன்னு சொல்லுவீங்க, பாருங்க!"

பணம் நின்றது, பயிற்சி நிற்கவில்லை. வீட்டில் டீ போட்டு எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையில் நடத்தினாள். அப்படி ஒரு பிடிவாதக்காரி!

இன்று அவளுக்கு மாலை போட வந்த கிளை மேலாளர்கள் அத்தனை பேரும் கூடத்தில் நின்றிருந்தார்கள். திடீரென்று அவர்களுடைய போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதிர்ந்தன. நகரம் முழுவதும் வங்கிகளின் இணைப்பு அறுந்துபோயிருந்தது. அதுவும் சம்பள நாளில். மற்ற வங்கிகள் கதவைச் சாத்திவிட்டனவாம்.

அவருக்குப் பழைய பதவி திரும்பிவிட்டது. "எல்லாரும் இங்க நின்னா அங்க யாருய்யா பாக்கறது? கிளம்புங்க!"

மூத்த மேலாளர் அசையவில்லை. "அங்க மேடம் பசங்க இருக்காங்க சார். ஒரு கவுண்டர்கூட மூடலை. பக்கத்து பேங்க் வாடிக்கையாளருங்க நம்மகிட்ட வந்து புதுக் கணக்கு கேக்கறாங்களாம்."

அவர் நம்பவில்லை. சந்தேகப் பிராணி, கண்ணால் பார்த்தால்தான் ஆயிற்று. மயானத்துக்குப் போகும் வண்டி வங்கித் தெரு வழியாகப் போகட்டும் என்று அவரே சொல்லி, அவளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

பக்கத்து வங்கியின் ஷட்டர் இறங்கியிருந்தது. இவர்கள் வங்கியிலோ வரிசை வாசலைத் தாண்டித் தெருவரை நின்றது. யாரும் சத்தம் போடவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு பெண் கையால் ரசீது எழுதிக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு உட்கார்ந்து, அடுத்தவரின் தாளை வாங்கினாள்.

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஊரே கேட்டால் கேட்கட்டும் என்று மனைவியின் பக்கம் குனிந்து உரக்கச் சொன்னார். "முதலீடுதான்டி! போதுமா? ஜெயிச்சுட்டடி!"

டிரைவர் திரும்பினார். "நிறுத்தட்டுமாய்யா? அவங்க வெளிய வந்து பாத்துக்குவாங்க."

"வேணாம், போப்பா. ஜனங்க காத்திருக்காங்க."

வண்டி நகர்ந்தது. அவர் மனைவியின் கண்ணாடியை மெல்லக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிவிட்டார்.