நாலு பேர் உள்ள வீடு

சீனிவாசராகவன் வீட்டில் மாதம் மூன்று பாட்டில் ஷாம்பு தீர்ந்துகொண்டிருந்தது. அவர் தலையில் இருக்கும் முடியை விரல்விட்டு எண்ணிவிடலாம். வீட்டில் வேறு தலையும் கிடையாது. பிறகு ஷாம்பு எங்கே போயிற்று என்றால், பக்கத்து அபார்ட்மெண்ட் வாட்ச்மேனின் பக்கெட்டுக்குப் போயிற்று. ஒன்றரை வருஷமாக அந்தக் கட்டடத்துக் கார்களெல்லாம் மல்லிகை வாசனையோடு ஆபீஸ் போய் வந்தன. பெண்கள் பூசிக்கொள்ளும் முகக் கிரீம் அவருடைய குதிகால் வெடிப்புக்குப் போயிற்று. ஜாமை மட்டும், டாக்டர் வேண்டாம் என்றும், அவரே சாப்பிட்டுத் தீர்த்தார்.

அவருக்கு வேண்டியதெல்லாம் காலி டப்பா. இதைக் கேட்டால் மனிதருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தோன்றும். முப்பத்து நாலு வருஷம் மாநில அரசின் புள்ளிவிவரத் துறையில் இருந்து, ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதாமல் ஓய்வு பெற்றவர் அவர். கிறுக்கு இல்லை. மமதாதான் காரணம்.

மமதா ஒரு மார்க்கெட் ஆராய்ச்சிக் கம்பெனியிலிருந்து வருகிற பெண். ஜனங்கள் என்ன வாங்குகிறார்கள், எந்த டப்பாவில் வாங்குகிறார்கள் என்று கணக்கெடுப்பது அந்தக் கம்பெனியின் வேலை. பாட்டிலும் டப்பாவும் செய்கிறவர்கள் அந்த விவரத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். மூன்று வருஷத்துக்கு முன் இவருடைய மல்லேஸ்வரம் வீட்டையும் சேர்த்துக்கொண்டு, பெரிய நீலக் கூடை ஒன்றைக் கொடுத்தார்கள். தீர்ந்துபோன சாமானின் காலி டப்பா, கவர் எல்லாவற்றையும் அதில் போட்டு வைக்க வேண்டும். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை பதினொரு மணிக்கு மமதா வந்து எண்ணிக்கொண்டு போவாள். அட்டையில் 'நபர்கள்: நான்கு' என்று எழுதியிருந்தது. இவர், மனைவி அனந்தலக்ஷ்மி, மகன் ஸ்ரீஹர்ஷா, மருமகள்.

பிறகு ஸ்ரீஹர்ஷாவுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. மருமகளும் கூடப் போனாள். பிரசவத்துக்கு ஒத்தாசையாக மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று அனந்தலக்ஷ்மி ரயிலேறினாள். அந்த மூன்று மாதம் இரண்டு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. சண்டை ஒன்றுமில்லை. சண்டை என்றாலாவது சமாதானம் ஆகித் திரும்பி வர வழி உண்டு.

அவர்கள் போன ஐந்தாறு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, கூடையில் ஒரு தயிர் டப்பாவும் ஒரு பற்பசை டியூபும்தான் கிடந்தன. மமதா நாலு நிமிஷத்தில் எழுந்துவிட்டாள். "ஆயித்து, முடிஞ்சுது சார்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டாள். அவளுக்கென்று இறக்கிய டிகாக்ஷன் அப்படியே இருந்தது. அந்த மாதம் முழுக்க, அவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த ஒரே ஆள் அவள்தான்.

அப்போதுதான் அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. கவர் என்றால் அவள் போனைக் காட்டுவாள், ஒரு 'பீப்', முடிந்தது. பாட்டில் என்றால் சும்மா விட முடியாது. எத்தனை மில்லி, மூடி திருகுகிறதா அழுத்துகிறதா, எல்லாம் பதிய வேண்டும். கவிழ்த்து, அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணையும் படிக்க வேண்டும். எந்த வகைப் பிளாஸ்டிக் என்று அந்த எண் சொல்லும். ஆக ஒரு பாட்டிலுக்கு மூன்று நிமிஷம்.

அடுத்த மாதம் கூடையில் ஒன்பது பாட்டில்கள் இருந்தன. மமதா அரை மணி நேரம் உட்கார்ந்தாள். காபி குடித்தாள்.

நாளடைவில் அது ஒரு முறையாகவே ஆகிவிட்டது. அவர் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்து, "ரெண்டு... ஒண்ணு... அஞ்சு" என்று சத்தமாகச் சொல்வார். அவள் போனில் தட்டிக்கொள்வாள். நடுவில் தன் கதையும் சொல்வாள். அல்சூரில் வாடகை வீடு, சர்க்கரை வியாதிக்கார அம்மா, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வீடு. கடைசியில் மட்டும் விதிப்படி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பாள்.

"வீட்ல நாலு பேர்தானே சார்?"

"நாலு பேர்தான்மா."

முதலில் அது பொய்யாக அவருக்குப் படவில்லை. அனந்தலக்ஷ்மி அடுத்த மாதம் வந்துவிடுவாளே. அப்புறம் அது பொய் என்று தெரிந்தது. தெரிந்தும் சொன்னார்.

கடையில் எல்லோரும் பாட்டிலை விட்டுவிட்டு, விலை குறைவு என்று ரீஃபில் கவரை அள்ளிக்கொண்டு போனார்கள். இவர் மட்டும் குனிந்து அடித்தட்டில் பாட்டில் தேடினார். ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் ஊரோடு ஒத்துப் போனால் மமதா நாலு நிமிஷத்தில் கிளம்பிவிடுவாளே!

ஒரு மாதம் அவள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"சார், உங்க வீட்டப் பத்தி ஆபீஸ்ல ஒரே பேச்சு. சிட்டி பூரா கவருக்குப் போயிட்டிருக்கு, உங்க வீடு மட்டும் ஏன் பாட்டில்ல ஏறிட்டே போகுதுன்னு பாட்டில் கம்பெனிக்காரங்க கேக்கறாங்களாம். அடுத்த தடவ சூப்பர்வைசர் உமேஷ் சார் கூட வருவார். மேடத்தப் பாத்து ரெண்டு கேள்வி கேக்கணுமாம்."

இந்த மாதிரிக் கணக்கில் ஒரு வீடு ஒரு வீடாக நிற்பதில்லை, ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் பதிலாக நிற்கும் என்பது சீனிவாசராகவனுக்குத் தெரியும். அவருடைய குதிகாலை நம்பி எவனோ பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் பாட்டில் செய்யப் புது மெஷினுக்கு ஆர்டர் கொடுத்துவிடக்கூடும்! அதைவிடப் பெரிய பயம், மமதா இனி வரமாட்டாள் என்பது. அதுதான் உண்மை, அதை மறைத்துப் பயனில்லை.

புனேயில் அனந்தலக்ஷ்மிக்குப் போன் போட்டார். "ஒரு ரெண்டு நாளைக்கு வந்துட்டுப் போயேன்."

"என்ன விசேஷம்னா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"குழந்தைய ப்ளே ஸ்கூல்ல இப்பதான் விட்டிருக்கோம், எப்படின்னா வர்றது? நீங்க இங்க வந்துடுங்கோளேன். சாப்டேளா?"

புனேக்கு அவர் ஒரு தடவை போயிருக்கிறார். ஹால் சோபாவில் பத்து நாள் படுத்து எழுந்தார். எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். அவர் எங்கே உட்கார்ந்தாலும் யாராவது, "கொஞ்சம் நகர்ந்துக்கறேளா" என்றார்கள். "சாப்டேன்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

உமேஷ் வருகிற சனிக்கிழமை காலை, பீரோவிலிருந்து அனந்தலக்ஷ்மியின் பச்சைப் புடவையை எடுத்து, தண்ணீரில் நனைத்துக் கொடியில் போட்டார். அவளுடைய பழைய செருப்பைத் துடைத்து வாசலில் வைத்தார். இத்தனை வயசுக்கு இது தேவையா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

உமேஷ் முப்பத்தைந்து வயசு இருக்கும், மரியாதையான பையன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கூடையைப் பார்த்து, டேப்லெட்டைத் திறந்தான்.

"மேடம் இருக்காங்களா சார்?"

"கோவிலுக்குப் போயிருக்கா."

"வெயிட் பண்றேன் சார், பரவால்ல." உமேஷ் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு மமதாவிடம் திரும்பினான். "நீ மேடத்தக் கடைசியா எப்ப பாத்தே? மாசா மாசம் நாலு பேரையும் நேர்ல பாத்ததா டிக் போட்டிருக்கே. இவங்க யாரும் இல்லேன்னா அது பொய் ரிப்போர்ட். வேலை போயிடும், தெரியுமில்ல?"

மமதா கையிலிருந்த ஷாம்பு பாட்டிலின் மூடியைத் திருகி, மறுபடி திருகினாள். "நான் வந்து சார்..." என்று ஆரம்பித்தாள். சீனிவாசராகவனைக் காப்பாற்ற அவள் பொய் சொல்லப் போகிறாள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அம்மாவுக்கு இன்சுலின் வாங்குகிற பெண்.

"அவளக் கேக்காதீங்கோ" என்றார். "அவளை நான்தான் ஏமாத்தினேன். வர்ற போதெல்லாம் இப்பதான் வெளிய போனா, உள்ள படுத்துண்டிருக்கான்னு சொல்லுவேன். அதோ கொடியில தொங்கறது பாருங்கோ, அது யாரும் கட்டின புடவை இல்ல. காலம்பற நான் நனைச்சுப் போட்டது. இந்தப் பாட்டில் அத்தனையும் கணக்குக்காக வாங்கினது. இந்த வீட்ல ஒரே ஆள்தான். ரெண்டு வருஷமா ஒரே ஆள்தான்."

முப்பத்து நாலு வருஷச் சர்வீஸில் இப்படி யார் முன்னாலும் தலைகுனிந்து நின்றதில்லை.

உமேஷ் கோபிப்பான் என்று பார்த்தால், அவன் முகம் மலர்ந்துவிட்டது. "ஹௌதா, அப்படியா? ஒரே ஆளா சார்? ஒரு ஆள் வீடு எங்களுக்குக் கிடைக்கறதே இல்ல சார்! சின்னச் சின்ன டப்பாவுக்கு இப்ப அவங்களாலதான் மார்க்கெட்டே ஏறுது. பழைய டேட்டாவ நான் எடுத்துடறேன். நீங்க கண்டிப்பா தொடரணும் சார்."

"ஒரு ஆள் வீடு ஒண்ணு எத்தனை வீட்டுக்குப் பதில்?" பழைய பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"இந்த ஊர்ல சுமார் நாலாயிரம் சார்."

நாலாயிரம்.

"இன்னொரு வசதி சார்" என்று அவர் போனை வாங்கி ஏதோ ஆப் ஒன்றை இறக்கிக் கொடுத்தான் உமேஷ். "ஒரு ஆள் வீட்டுக்கு நாங்க யாரையும் அனுப்பறதில்ல. நீங்களே ஸ்கேன் பண்ணிக்கலாம். யாரும் வந்து டிஸ்டர்ப் பண்ண மாட்டாங்க."

கூடை ஆபீஸ் சொத்து. மமதா அதைத் தூக்கிக்கொண்டாள். உமேஷ் முன்னால் போய் ஸ்கூட்டரைக் கிளப்ப, அவள் கேட்டருகே நின்றாள்.

"எனக்கு மொதல்லயே தெரியும் சார்."

"எப்படி?"

"பொம்பளைங்க யூஸ் பண்ற ஷாம்பு பாட்டில் மூடில எப்பவும் ஒரு முடியாவது சுத்திட்டிருக்கும். உங்க பாட்டில்ல ஒரு நாளும் இருந்ததில்ல."

"அப்புறம் ஏம்மா எழுதல?"

"பன்னெண்டு வீட்ல உக்காருன்னு சொல்ற வீடு இது ஒண்ணுதான் சார்." கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "வரேன் சார்" என்றாள். அது சும்மா வாய் வார்த்தை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அடுத்த மாதம் அவர் ஷாம்பு வாங்கவில்லை. பக்கத்துக் கட்டடத்து வாட்ச்மேன் இரண்டு தடவை விசாரித்துவிட்டுப் போனான்.

இரண்டாவது சனிக்கிழமை பதினொரு மணிக்கு டிகாக்ஷன் தயாராக இருந்தது, இரண்டு பேருக்கு. கை பழகிவிட்டது, என்ன செய்ய. மேஜைமேல் ஒரு பற்பசை டியூபும் ஒரு தயிர் டப்பாவும் இருந்தன. போன், 'வீட்டில் எத்தனை நபர்கள்?' என்று கேட்டது. ஒன்று என்று அழுத்தினார். டியூபைக் காட்டினார், பீப். டப்பாவைக் காட்டினார், பீப். 'நன்றி, இந்த மாதம் முடிந்தது' என்றது. மணி பதினொன்றாகி ஒரு நிமிஷம்.

அடியில் இருக்கும் எண்ணை அது கேட்கவே இல்லை. சீனிவாசராகவன் தயிர் டப்பாவைக் கையில் எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அஞ்சு" என்றார், எதிரே இருப்பவருக்குக் கேட்கும்படியாக.