வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

தச்சர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தாழ்ப்பாள் உள்பக்கம்தானேம்மா?" என்று கேட்டார்.

"வெளிப்பக்கம்" என்றாள் மகள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார், பிறகு இவளைப் பார்த்தார். துளைபோடும் மெஷினைக் கையில் எடுத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது இவளுக்கு.

பதிப்பாளர் இவளைப் 'பேய்க்காரி' என்றுதான் கூப்பிடுவார், செல்லமாகத்தான். பேய்க்கதை எழுதியே பேர் வாங்கியவள். ஒருகாலத்தில் பேய்க்கதை என்றால் பாழடைந்த பங்களா, ஆந்தை அலறல், தானாக அணையும் விளக்கு, அவ்வளவுதான் சரக்கு. பின்னால் வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் பேயைப் பங்களாவிலிருந்து கிளப்பி வாடகை வீட்டில் குடிவைத்தார். இன்னொருவர் அதை மனுஷன் மண்டைக்குள்ளேயே ஏற்றிவிட்டார். பேய் நிஜமா பிரமையா என்று படிக்கிறவனுக்குக் கடைசிவரை தெரியாது. பேய்க்காரியோ பேயையே ஒழித்துக்கட்டினாள். பூட்டிய அறைக்குள் உயிரோடு ஒரு பெண்ணை உட்காரவைத்தாள். பயப்பட வேண்டியது உள்ளே இருப்பவளுக்கு அல்ல, தாழ்ப்பாளைப் போட்ட கைக்குத்தான் என்று எழுதினாள். அந்தக் கைக்கு முகம் கிடையாது, ஒரு வரி வசனம்கூடக் கிடையாது.

புத்தகக் கூட்டத்தில் வாசகி ஒருத்தி எழுந்து, "பூட்டினவங்க பக்கமும் ஏதாவது நியாயம் இருக்கலாம் இல்லையா?" என்று கேட்டாள்.

"பூட்டுறவங்களுக்கு நியாயம் ஒரு கேடா?" என்றாள் இவள். அரங்கமே கைதட்டியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். பக்கத்து நாற்காலிக்காரரிடம், "என் பொண்ணு" என்று வேறு சொல்லிக்கொண்டாள்.

அந்த அம்மாவுக்குத்தான் இப்போது ஞாபகமெல்லாம் போய்விட்டது. பெற்ற மகளையே யாரென்று தெரியவில்லை. கொஞ்சம் கண் அசந்தால் செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கிவிடுகிறாள். முந்தாநாள் பெரிய சாலையில் லாரிக்காரர் பிரேக்கை மிதித்திராவிட்டால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். எதிர்வீட்டுக்காரிதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டாள்.

தம்பியிடம் போனில் இவள் அழுதாள். "ஏதாவது ஹோம்ல சேர்த்துடுக்கா" என்று சொல்லிவிட்டு, மீட்டிங் இருக்கிறதென்று வைத்துவிட்டான், புண்ணியவான். ஹோம்களையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். அங்கேயும் தாழ்ப்பாளெல்லாம் வெளிப்பக்கம்தான், வரிசையாக.

தச்சர் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார். அம்மாவின் மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. மருந்துக்கடை தெருமுனையில்தான், ஆனால் துணைக்கு வைத்துவிட்டுப் போக ஓர் ஆள் இல்லை. எதிர்வீடும் பூட்டிக்கிடந்தது.

"அம்மா, மாத்திரை வாங்கிட்டு ஓடி வந்துடுறேன்" என்றாள். அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் புதுசு, சட்டென்று போகவில்லை. இரண்டு கையாலும் அழுத்தித் தள்ள வேண்டியிருந்தது.

அந்தச் சத்தத்துக்கு அம்மா எழுந்து வந்துவிட்டாள். கதவு அதிர்ந்தது.

"யாரது? கதவைத் திற!"

"நான்தாம்மா. இதோ வந்துடுறேன்."

"நீ யாருடி என்னைப் பூட்டிவைக்க?"

இவள் கை தாழ்ப்பாள் மேலேயே இருந்தது. எத்தனை பக்கம் எழுதித் தள்ளினாள்! பூட்டுகிற கைக்குச் சொல்ல ஒரே ஒரு வார்த்தை எழுதி வைத்திருக்கக் கூடாதா, பாவி?

தட்டுவது நின்றது. கொஞ்சம் பொறுத்து, கதவிடுக்கில் வாயை வைத்து, மிரட்டுவதுபோல் அம்மா மெல்லச் சொன்னாள்.

"என் பொண்ணு வரட்டும். அவ புத்தகமெல்லாம் எழுதுறவ, தெரியுமா? பூட்டினவங்களை அவ சும்மா விடமாட்டா."

பேய்க்காரி கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுது தீர்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க பொண்ணு வந்துடுவாங்கம்மா" என்று யாரோபோல் சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.