ஆறாவது சிவப்புத் தாள்

ஞாயிற்றுக்கிழமை டயாலிசிஸ் கிடையாது. அதனால்தான் சர்வர் மாற்றும் வேலையை அன்றைக்கு வைத்துக்கொண்டோம். அல்லிநகரத்தில் எங்கள் டிரஸ்ட் கட்டடம். கீழே டயாலிசிஸ் சென்டர். கம்பம், கூடலூர், உத்தமபாளையம் வரைக்கும் உள்ள ஆட்கள் பஸ் பிடித்து வருவார்கள். மாடியில் ஏசி போட்ட சின்ன அறையில் சர்வர்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து மூன்று வருடம் இருந்து ரிட்டயர் ஆனவள் நான். மெஷின் பழக்கம் உள்ளவள் என்று அந்த அறைக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். எனக்கு மேலே இன்ஜினியர் ஷர்மின். உத்தமபாளையத்துப் பெண், என் மகளைவிடச் சின்னவள். ஆனால் அந்த அறைக்குள் அவள் சொல்வதுதான் நடக்கும்.

பழைய சர்வரில் ஹார்ட் டிஸ்க் கெட ஆரம்பித்திருந்தது. அதிலிருந்த கண்டெய்னர்களைப் புது சர்வருக்குக் கொண்டுபோக வேண்டும். கண்டெய்னர் என்றதும் துறைமுகத்துப் பெட்டியை நினைக்காதீர்கள். ஒரே வீட்டைச் சுவர் வைத்துப் பிரித்து நாலு குடும்பம் குடியிருக்கிற மாதிரி, ஒரே மெஷினுக்குள் லினக்ஸில் தனித்தனியாக ஓடுகிறவை. லேப்புக்கு ஒன்று, மருந்துக்கடைக்கு ஒன்று, டயாலிசிஸுக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் நிறுத்தி, மூட்டை கட்டி, புது மெஷினில் இறக்கி, திரும்ப ஓட விட வேண்டும்.

டயாலிசிஸ் கண்டெய்னர்தான் எங்களுக்குப் பயம். ஐம்பத்து நான்கு பேருடைய கேஸ் தாள்கள் ஸ்கேன் ஆகி அதில் இருந்தன. அவற்றில் சில சிவப்புத் தாள்கள். இன்னாருக்கு இந்த ஊசி ஆகாது, இன்னாருக்கு இந்த ஃபில்டர் ஆகாது, போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டவை.

லேப் போயிற்று. மருந்துக்கடை போயிற்று. மூன்று மணிக்கு டயாலிசிஸும் போய்ச் சேர்ந்தது. ஷர்மின் திறந்து பார்த்தாள். பெயர்கள் வந்தன, யாருக்கு எந்தக் கிழமை என்கிற பட்டியல் வந்தது. சரியாக இருக்கிறது என்றாள். அசர் தொழுதுவிட்டு வருகிறேன், அப்புறம் பழையதை அழித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசல் பக்கத்திலிருக்கும் அவள் சின்னம்மா வீட்டுக்குப் போனாள்.

பழையதை அழிப்பது ஏன் என்றால், போன வருடம் இப்படி மாற்றியபோது அழிக்காமல் விட்டுவிட்டோம். கரண்டு போய் வந்ததும் பழையதும் புதியதும் சேர்ந்து எழுந்து ஓடி, பாதி ஆள் இதிலும் பாதி ஆள் அதிலும் பதிவாகி நான்கு நாள் சீரழிந்தோம். அது என் மனதில் இருந்தது. இன்னொன்று, வீடு மாறினால் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்றைக்கே, விளக்கு வைப்பதற்குள் பழைய வீட்டைக் கூட்டிப் பெருக்கிச் சாவியைக் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். பாதி வேலையாகப் போட்டு வைத்தால் எனக்குக் கை அரிக்கும். அவள் வருவதற்குள் முடித்து வைப்போம் என்று பழைய சர்வரின் டிஸ்க்கை மொத்தமாக அழித்துவிட்டேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. நல்ல வேலை செய்ததாக நினைத்து, கீழே போய் டீ வாங்கிக் குடித்தேன்.

ஷர்மின் திரும்பி வந்து ஒரு பெயரைத் தட்டினாள். தாள் வரவில்லை. இன்னொன்றைத் தட்டினாள். அதுவும் வெள்ளையாக நின்றது.

இந்த ஏற்பாட்டையெல்லாம் முதலில் செய்தவர் ஈஸ்வரபாண்டி. இப்போது கோயமுத்தூரில் வேலை. அவருக்குப் போன் போட்டாள். அவர் சொன்னதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். ஸ்கேன் தாள்கள் கண்டெய்னருக்குள் கொள்ளவில்லை என்று, வெளியே சர்வரின் சொந்த டிஸ்க்கில் ஒரு ஃபோல்டர் போட்டு, உள்ளிருந்து அதற்கு ஒரு வாசல் மட்டும் திறந்து வைத்திருந்தாராம். கண்டெய்னரை மாற்றினால் அந்த ஃபோல்டர் கூட வராது. பேக்கப்பிலும் வராது.

"பழைய டிஸ்க்கு அப்படியே இருக்குல்ல? அதுலருந்து எடுத்துக்கங்க" என்றார்.

ஷர்மின் என்னைப் பார்த்தாள். இல்லை, அழித்துவிட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவள் போனை வைத்தாள்.

நர்ஸ் ஏஞ்சலை வீட்டிலிருந்து வரவழைத்தோம். ராயப்பன்பட்டிக்காரி, பத்து வருடமாக இங்கே இருக்கிறாள். சிவப்புத் தாள் மொத்தம் ஆறு என்பது அவளுக்கு உறுதி, மாதக் கூட்டத்தில் டாக்டர் சொன்னது. நான்கு பேரை மனப்பாடமாகச் சொன்னாள். மீதி இரண்டு பேரும் அவள் ஷிப்டில் வராதவர்கள். அந்த ஷிப்ட் நர்ஸ் புதிதாக வந்தவள், அவளுக்கும் தெரியவில்லை. அன்று சாயங்காலம் மூன்று பேரும் எல்லா வீட்டுக்கும் போன் போட்டோம், ஐம்பது பேர் கிடைத்தார்கள். கம்பத்து அக்தர் பேகம் தனக்கு ஒரு வகை ஃபில்டர் ஒத்துக்கொள்ளாது என்று தானே சொன்னார். ஐந்து ஆயிற்று. ஆறாவது ஆள் யார் என்று தெரியவில்லை.

டாக்டர் நாகராஜுக்கும் அந்த ஆறாவது பெயர் நினைவுக்கு வரவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நாளைக்கு ஒவ்வொருவரையும் கேட்டு, தெரிந்தவர்களை மட்டும் மெஷினில் போடுங்கள், தெரியாதவர் காத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வாசலில் நான்தான் நின்றேன். ஏஞ்சல் தான் நிற்பதாகச் சொன்னாள், நான் விடவில்லை. வந்தவர்களிடம் ஒவ்வொருவராக, உங்கள் தாளை நான் அழித்துவிட்டேன், உங்கள் உடம்புக்கு எது ஆகாது என்று யோசித்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். சிலர் நோட்டைக் காட்டினார்கள். சிலர் கோபப்பட்டார்கள். ஒருவர், கம்ப்யூட்டர் வந்தால் பேப்பர் வேண்டாம் என்று சொன்னது நீங்கள்தானே என்று கேட்டார். நான்தான் சொன்னேன்.

மத்தியான ஷிப்டுக்குச் சுருளிப்பட்டியிலிருந்து சுருளியாண்டி அண்ணன் வந்தார். எழுபது வயது, வாழைத் தோட்டத்து ஆள். போனில் கிடைக்காத நான்கு பேரில் ஒருவர். மற்ற மூன்று பேரும் காலையிலேயே வந்து, தங்களுக்கு அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இவர்தான். துக்க வீட்டுக்குப் போனதால் வெள்ளிக்கிழமை வரவில்லை என்றார். கால் வீங்கி, மூச்சு இரைத்தது. எது ஆகாது என்று கேட்டால் தெரியவில்லை. ஒருமுறை என்னமோ பண்ணிற்று, அவ்வளவுதான். எல்லாம் மருமகளுக்குத் தெரியும். மருமகள் முனீஸ்வரி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போயிருந்தாள். அங்கே டவர் கிடையாது. ஜீப் மலையிறங்கி வந்தால்தான் பேச முடியும்.

"ஃபில்டரா இருந்தா மெஷின்ல போடுறதே ஆபத்துக்கா. இருக்கவும் முடியல, போடவும் முடியல" என்று, வீட்டுக்குப் போகாமல் மத்தியானமும் இருந்த ஏஞ்சல் என் காதருகே சொன்னாள். ஆக்சிஜன் மட்டும் வைத்தாள்.

நான் அவர் கட்டிலருகே போய் நின்று, அழித்தது நான்தான் என்று சொன்னேன்.

"நீயா தாயி அழிச்ச?"

"நாந்தேண்ணே."

கட்டில் ஓரத்தைக் கையால் தட்டினார். மூச்சு விட்டு விட்டுத்தான் பேச முடிந்தது.

"நின்னுக்கிட்டே இருந்தா எனக்கு மூச்சு வந்துருமாக்கும். இங்கன உக்காரு. தொணைக்கு ஆளில்ல."

உட்கார்ந்தேன். ஷர்மின் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை முனீஸ்வரியின் நம்பரை அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மூன்றரை, நான்கு, நான்கரை. அவர் உதடு நீலம் பாய்கிற மாதிரி எனக்குத் தெரிந்தது. ஏஞ்சலைக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள். ஐந்து மணிவரை பார்ப்போம், அதற்கு மேல் மெஷினில் போட்டுத்தான் ஆக வேண்டும், நடப்பதற்கு நான் பொறுப்பு என்றார் டாக்டர். பொறுப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும்.

ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது ரிங் போயிற்று. ஷர்மினிடமிருந்து போனை வாங்கி, மாமாவுக்கு ஆகாதது ஃபில்டரா என்று நான் கேட்டேன். ஜீப் கம்பமெட்டு மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தது, பின்னால் பெண்கள் பேசுகிற சத்தம்.

"ஃபில்டர் இல்லக்கா" என்றாள் முனீஸ்வரி. "காப்பித்தண்ணி நெறத்துல ஒரு ஊசி போட்டாகல்ல, ரத்தம் ஊற. அதுலதேன் மாமாவுக்கு பேச்சு மூச்சில்லாமப் போச்சு. பங்குனியில. ஏன்க்கா, போட்டுட்டாகளா?"

"போடல ஆத்தா. போடல."

ஏஞ்சல் கட்டிலருகே இருந்த மருந்து டிரேயைத் திருப்பிக் காட்டினாள். இரும்புச் சத்து ஊசி. அன்றைக்கு அவர் பெயருக்குத்தான் எடுத்து வைத்திருந்தது. அதை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மெஷினை மாட்டினாள்.

ஷர்மின் சிவப்புப் பட்டை போட்ட புதுத் தாள் ஒன்று கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். தாள்களைத் திறந்து பார்க்காமல் சரி என்று சொன்னது நான்தானே, ரெண்டு பேர் மேலும்தான் தப்பு என்றாள். பேனாவால் எழுதினேன். சுருளியாண்டி, சுருளிப்பட்டி, இரும்புச் சத்து ஊசி ஆகாது. டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

சுருளியாண்டி அண்ணன் கண்ணைத் திறக்காமலே, என்ன எழுதினாய் என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன்.

"இன்னொருக்கா வாசி" என்றார். "இனிமே நானும் மனசுல வச்சுக்கிறேன்."

மறுபடி வாசித்தேன்.